எரிமலைகளைக் கவனித்த குரு: மெர்க்கல்லி அடிகளார்



ஜூபிலி மலரில் புனிதர்களின் வரலாற்றை எழுதுவதே வழக்கம். நாம் எழுதப் புகுந்திருப்பதோ பீடத்துக்கு உயர்த்தப்படாத ஒரு குருவானவரைப் பற்றி. 2004 டிசம்பர் 26 அன்று காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் கடல் ஏறி வந்ததைக் கண்ட உங்களுக்கு இவர் அந்நியராகத் தோன்றமாட்டார்.

ஜோசப் மெர்க்கல்லி 1850 மே 21இல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். குருப்பட்டம் பெற்றபின் அந்நகரக் குருமடத்திலேயே இயற்கை விஞ்ஞானம் போதித்தார். ரோஸ்மினி என்னும் குருவின் சிந்தனைகளை ஆதரித்தார் என்பதற்காக அப்பதவியை விட நேர்ந்தது. (அந்த ரோஸ்மினியையே 2007இல் திருச்சபை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. குருமடத்தில் காலம் கழித்த எமக்கு இது நல்ல பாடம்.)

1883 ஜூலை 28 இரவு, நேப்பிள்ஸ் வளைகுடாவிலுள்ள இஸ்கியா என்னும் எரிமலைத் தீவு குலுங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தீவையும் அந்த அதிர்ச்சியையும் ஆராய்ந்து அடிகளார் நூல் எழுதினார். அடுத்த மாதமே ஜாவாவுக்கருகே கிரகதோவா தீவு வெடித்தது. அதன் அலை சென்னையிலிருந்த கடல்மட்டக் கருவியிலும் பதிவாயிற்று.

1888 ஆகஸ்டில் சிசிலிக்கு வடக்கே வுல்கானோ தீவு சீறத் தொடங்கி, 1890 மார்ச் வரை ஓயவில்லை. அடிகளார் அதை நேரில் சென்று கவனித்தார். அதன் வாய் அடைத்துக்கொண்டு மௌனமாயிருக்கும். திடீரென வெடித்துக் கரும்புகையும் பாறைகளும் எறியும். அருகிலுள்ள ஸ்திரோம்போலித் தீவோ அடிக்கடி சிறிது சிறிதாக நெருப்பைச் சிதறும். இவ்விரு குணங்களையும் பிரித்தறிந்து, தீவுகளின் பெயராலேயே இரு வகைகளாக வகுத்தார். பெயர் வைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். மலை அமைதியாயிருக்கிறது என்பதற்காக அதனருகே போய்விடலாகாது என்று மக்களுக்குச் சொல்ல, அதன் குணம் தெரிந்திருக்கவேண்டும். அந்தமான் கப்பலேறியவர்கள் பாரன் தீவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்றரை நூற்றாண்டு உறங்கி 1991இல் விழித்த அந்த எரிமலையைப் பற்றி எழுதும் ஆய்வாளர்களும் அடிகளார் தந்த சொற்களையே கையாளுகின்றனர்.

பூமியதிர்ச்சியை அளக்க அவர் வகுத்த அளவுகோல்தான் அவர் பெயரை உலகறியச் செய்தது. 1902இல் அது பத்துப் படிகளாக வெளிவந்தது. பிற்பாடு பிறர் பன்னிரண்டாக்கினர். அதற்குக் கருவி வேண்டாம். உறங்கியவர் விழித்தாரா, தொங்கும் விளக்கு ஆடியதா, கோயில் மணி தானே ஒலித்ததா, சுவர் வெடித்ததா என்று ஊராரை விசாரித்தாலே போதும். 2004இல் அந்நாள் காலை ஆறரை மணியளவில் சென்னையில் பலர் கட்டில் ஆடியதை உணர்ந்தனர். அலை வந்ததோ இரண்டு மணி நேரத்துக்கும் பின்னர். உணர்ந்தவர்களிடம் கேட்டுக் கரைக்குச் சொல்ல அன்று எவரும் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது 2007இல்தான்.

நேப்பிள்ஸ் நகரில் அடிகளார் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். 1987இல் புனிதராக உயர்த்தப்பட்ட மருத்துவர் மோஸ்காத்தி அவரிடம் பயின்றவர். ஆண்டுக்கணக்காக வெசூவியஸ் மலையின் ஒவ்வொரு மாற்றத்தையும் அடிகளார் குறித்து வெளியிட்டு வந்தார்.

1906 ஏப்ரலில் அம்மலை பெருஞ்சீற்றம் கொண்டது. சான் ஜுசேப்பே என்ற ஊரில் மக்கள் தஞ்சம் தேடிக் கோயிலுக்குள் புகுந்தனர். சாம்பல் மழை கூரைமேல் குவிந்து, அதன் பாரம் தாங்காமல் கூரை இடிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்ளேயே மாண்டனர். இதை எழுதுகையில் எம் கை தயங்குகிறது. ஆபத்து வேளையில் கோயில் கதவைத் திறந்துவைப்பது குருவின் கடமை என்றே நாம் நினைத்திருந்தோம். கூரையை அண்ணாந்து பார்ப்பதும் அக்கடமையைச் சேர்ந்ததே. அந்தச் சீற்றத்தையும் அடிகளார் ஆராய்ந்து எழுதினார்.

1911இல் வெசூவியஸ் ஆய்வுக்கூடத்தின் தலைவரானார். 1914 மார்ச் 19, தம் பெயர்கொண்ட சூசையப்பர் திருநாளன்று, நேப்பிள்ஸில் தம் அறையில் தீப்பற்றி இறந்தார். விளக்கு கவிழ்ந்ததாகச் சொன்னார்கள். கொலை என்று சந்தேகித்தவர்களும் உண்டு. அப்போது அவருக்கு வயது 63.