போன் கண்டுபிடிச்ச வாத்தியார்

அலெக்சாண்டர் கிரகாம் பெல்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் டெலிபோன்தான் ஞாபகம் வரும். ஸ்கூல் க்விஸ்ல ஆரம்பிச்சு ப்ளேஸ்மென்ட் ஆப்டிட்யூட் வரைக்கும் அந்த ஒரு வரியே போதும். ஆனா பெல் தன்னை கண்டுபிடிப்பாளர்னு சொல்லிக்கிட்டதை விட, காது கேளாதவர்களுக்கு வாத்தியார்னு சொல்லிக்கிட்டதுதான் அதிகம். அந்த வாத்தியார் கதைதான் இது. கதையில பெருமையும் இருக்கு, பெரிய சறுக்கலும் இருக்கு.

1847 மார்ச் 3, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தாத்தா, அப்பா ரெண்டு பேருமே பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க. அப்பா மெல்வில் பெல் ஒரு எழுத்து முறையையே உருவாக்கினார். ஒரு ஒலியைச் சொல்லும்போது நாக்கு எங்கே இருக்கணும், உதடு எப்படிக் குவியணும் என்பதைப் படம் மாதிரிக் காட்டும் குறியீடுகள் அவை. அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனாலும் பியானோ வாசிப்பார். மற்றவங்க குழாய் வைத்து அவர் காதுக்குள் கத்துவாங்க. பெல் மட்டும் அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்து மெல்லிய குரலில் பேசுவார். வீட்டில் நடக்கும் பேச்சை விரல் எழுத்துகளாலும் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அண்ணன், தம்பி ரெண்டு பேரையும் காசநோய் கொண்டுபோனது. மிச்சமிருந்த ஒரே பிள்ளையையாவது காப்பாத்தணும்னு 1870-ல் குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த வருஷமே பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காது கேளாத குழந்தைகளின் பள்ளியில் சேர்ந்தார். அப்பாவின் குறியீடுகளை வைத்துப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. 1873-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரும் ஆனார்.

நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்குப் பிடிச்ச பகுதி இனிமேல்தான். தான் பேசுவதே தனக்குக் கேட்காத குழந்தைக்கு, உச்சரிப்பு சரியா தப்பான்னு எப்படித் தெரியும்? காதுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டினால் என்ன என்று யோசித்தார் பெல். 1874 கோடையில், டாக்டர் நண்பர் ஒருவர் உதவியோடு, இறந்த மனிதரின் காதை வைத்தே ஒரு கருவி செய்தார். அதற்குள் பேசினால் செவிப்பறை அதிரும், உள்ளே இருக்கும் குட்டி எலும்பு அசையும். எலும்பில் ஒட்டிய வைக்கோல் துண்டு, புகை படிந்த கண்ணாடியில் அலையைக் கீறும். ஆசிரியரின் அலையைப் பார்த்து அதே மாதிரி வரும்வரை குழந்தை பேசிப் பழகலாம் என்பது ஐடியா. இன்னைக்கு லேப்டாப்பில் வேவ்ஃபார்ம் பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

அப்போது அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. இவ்வளவு மெல்லிய சவ்வு எலும்பையே ஆட்டுதுன்னா, கொஞ்சம் பெரிய சவ்வு ஒரு இரும்புத் துண்டை ஆட்டாதா? அந்த அசைவை மின்சாரமாக மாற்ற முடியாதா? டெலிபோனுக்கான விதை இங்கேதான் விழுந்தது. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவர்கள் ரெண்டு பேர். ஒருத்தர் தாமஸ் சாண்டர்ஸ், பெல்லிடம் படித்த காது கேளாத சிறுவனின் அப்பா. இன்னொருத்தர் கார்டினர் ஹப்பர்ட், பெல்லின் மாணவி மேபலின் அப்பா. 1876 மார்ச் 7-ல் பேட்டன்ட் கிடைத்தது. மூன்றே நாளில் கம்பி வழியாகக் குரல் போய்ச் சேர்ந்தது. 1877-ல் பெல் மேபலைக் கல்யாணம் செய்துகொண்டார். கம்பெனியில் தனக்கிருந்த பங்குகளில் வெறும் 10-ஐ வைத்துக்கொண்டு மீதியெல்லாம் மனைவிக்குக் கொடுத்துவிட்டார்.

காசு வந்த பிறகும் அவர் வாத்தியார் வேலையை மறக்கவில்லை. கேட்கும் திறனை அளக்க ஆடியோமீட்டர் செய்தார், பள்ளிக் குழந்தைகளை அதில் சோதித்தார். ஹெலன் கெல்லரின் பெற்றோர் வழி தெரியாமல் வந்து நின்றபோது, பாஸ்டனில் இருந்த பெர்கின்ஸ் பள்ளியைக் கைகாட்டியவர் அவர்தான். அங்கிருந்துதான் ஆன் சல்லிவன் டீச்சர் வந்தார். ஹெலன் தன் சுயசரிதையைப் பெல்லுக்குத்தான் சமர்ப்பித்தார்.

இங்கேயே கதையை முடிச்சா ஹீரோ கதை. ஆனா முடியல.

காது கேளாதவர்கள் எல்லாரும் வாயால் பேசணும், உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கணும், பள்ளிக்கூடத்தில் சைகை மொழி இருக்கவே கூடாது என்று பெல் உறுதியாக நம்பினார். அவருக்கே சைகை மொழி நல்லா வரும் என்பதுதான் இதில் வேடிக்கை. 1883-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியில் ஒரு கட்டுரை வாசித்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டால் காது கேளாத ஒரு தனி மனித இனமே உருவாகிவிடும் என்று அதில் எச்சரித்தார். தடுக்க அவர் சொன்ன வழிகள்: தனி விடுதிப் பள்ளிகள் வேண்டாம், சைகை மொழி வேண்டாம், காது கேளாத ஆசிரியர்களும் வேண்டாம்.

ஏன் இப்படி? அவர் வீட்டிலேயே பதில் இருக்கு. மேபலுக்குக் கேட்காமல் போனது ஐந்து வயதில், ஸ்கார்லெட் காய்ச்சலால். அதற்குள் அவர் பேசப் பழகிவிட்டார். அதனால் உதட்டைப் படித்து, வாயால் பேசி, நன்றாகவே சமாளித்தார். பிறவியிலேயே ஒலி கேட்காத குழந்தைக்கு அது முற்றிலும் வேற கணக்கு. ஒரு யூசருக்கு ஒத்து வந்ததை எல்லா யூசருக்கும் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பெல் மட்டும் இப்படி நினைக்கவில்லை. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடும் பேச்சு வழிக் கல்விக்கே ஓட்டுப் போட்டது. வந்திருந்த 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருத்தர். பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். கையை அசைத்ததற்காகக் குழந்தைகள் அடி வாங்கினார்கள். தங்கள் மொழி அழிந்துவிடுமோ என்று பயந்த அமெரிக்கக் காது கேளாதோர் சங்கம், 1910 முதல் அதைச் சினிமாப் படச்சுருளில் பதிவு செய்து வைத்தது. மிலான் முடிவு தவறு என்று அந்த மாநாட்டின் வழிவந்த அமைப்பே ஒத்துக்கொள்ள 2010 வரை ஆனது.

பெல் 1922 ஆகஸ்ட் 2-ல் கனடாவில் இறந்தார். அடக்கம் நடந்தபோது வட அமெரிக்கா முழுக்க டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தன. நாம லேபில் அளக்கிற டெசிபலுக்குள் அவர் பெயர் இருக்கு. ஹியரிங் எய்டுக்குள் இருக்கும் டெலிகாயில் முதலில் வந்ததே டெலிபோன் ரிசீவரின் காந்தப்புலத்தைப் பிடிக்கத்தான். இன்று வகுப்பறையைச் சுற்றிப் போட்ட லூப் வயரிலிருந்து ஆசிரியரின் குரலை எடுத்துக் குழந்தையின் காதில் சேர்ப்பதும் அதே காயில்தான்.

அடுத்த செமஸ்டர் ப்ராஜெக்டில் யாராவது ஸ்பீச் டு டெக்ஸ்ட், சைகை கையுறை, ஸ்மார்ட் ஹியரிங் எய்ட்னு எடுக்கத்தான் போறீங்க. தாராளமா பண்ணுங்க. காம்போனென்ட் லிஸ்ட் எழுதுறதுக்கு முன்னாடி, பக்கத்தில் இருக்கிற காது கேளாதோர் பள்ளிக்கு ஒரு நாள் போய், அங்கே படிக்கிறவங்ககிட்டயே என்ன வேணும்னு கேளுங்க. அவங்க கையால பதில் சொன்னா, அதைப் புரிஞ்சுக்க ஒரு ஆளையும் கூட்டிட்டுப் போங்க. பெல் மாதிரி மேதைக்கே இது தப்பிப்போச்சு.