தொண்டுக்குக் கல்லூரி கண்ட அம்மையார்

பிறந்த மண்ணை விட்டுப் பிற மண்ணில் வாழ்வோர் நெஞ்சில் ஒரு வினா எப்போதும் உண்டு. வாழ வந்த ஊர் நம் சொந்த ஊராவது எப்போது? மும்பை மாநகரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழராகிய நமக்கும் இவ்வினா புதிதன்று. இதற்கு விடை கூறும் வாழ்க்கை ஒன்றைச் சென்னை நகரம் நமக்குக் காட்டுகின்றது. அது தமிழர் ஒருவருடைய வாழ்க்கை அன்று. பார்சி குலத்தில் தோன்றித் தமிழ் மண்ணுக்கே தம்மை ஈந்த மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் வாழ்க்கை.

அம்மையார் 1909-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் உதகமண்டலத்தில் பிறந்தார். தந்தையார் ரஸ்தம் படேல், தாயார் அல்லாமாய். அந்நாளில் சென்னையில் வாழ்ந்த பார்சிகள் சில நூறு பேரே. பள்ளிக் கல்வியைச் சென்னையில் பெற்ற அம்மையார், பதினெட்டாம் வயதில் நோகி கிளப்வாலா என்பாரை மணந்தார். இராயபுரத்திலுள்ள பார்சிகளின் தீக்கோயில் தாங்கி நிற்கும் பெயரும் கிளப்வாலா என்பதேயாகும். 1930-இல் இவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது.

செல்வமும் செல்வாக்கும் சூழ்ந்த அவ்வாழ்வில் 1935-இல் இடி விழுந்தது. கணவர் நோயுற்று மறைந்தார். முப்பதையும் எட்டாத இளம் வயது. கையில் சிறு குழந்தை. துயரம் சிலரை வீட்டுக்குள் அடைத்துவிடும். சிலரை வீட்டுக்கு வெளியே அழைத்து வரும். அம்மையாரை அது வெளியே அழைத்து வந்தது. சென்னை ஆங்கிலிக்கன் பேராயரின் துணைவியார் வாலர் அம்மையார் 1923-இல் தொடங்கியிருந்த கில்டு ஆஃப் சர்வீஸ் என்னும் சேவைச் சங்கத்தில் அவர் சேர்ந்தார். ஆதரவற்ற குழந்தைகளும், கைவிடப்பட்ட பெண்டிரும், உடற்குறை உற்றோருமே அதன்பின் அவருடைய சுற்றத்தார் ஆயினர்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தங்கியிருந்த இந்தியப் போர்வீரர்களுக்குப் போதிய வசதிகள் இல்லாமையைக் கண்ட அம்மையார், 1942-இல் இந்திய உபசரணைக் குழுவை அமைத்தார். நடமாடும் சிற்றுண்டிச் சாலைகள் வீரர்களைத் தேடிச் சென்றன. மருத்துவமனையில் கிடந்த வீரர்களுக்கு ஆறுதல் சொல்லப் பெண்கள் அணியணியாகச் சென்றனர். போர் முடிந்த பின்னும் அப்பணி ஓயவில்லை. ஊனமுற்ற வீரர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் அது தொடர்ந்தது. வெற்றி பெற்று மீண்ட பதினான்காம் படையினர் ஜப்பானிய வாள் ஒன்றை அம்மையாருக்கு நன்றிக் காணிக்கையாக அளித்தனர். தளபதி கரியப்பா அவரைப் படையினரின் அன்புக்குரியவர் எனப் போற்றினார்.

நிற்க. பணி பெருகப் பெருக ஓர் உண்மை தெளிவாயிற்று. இரக்கம் வேண்டும், ஆனால் இரக்கம் மட்டும் போதாது. மருந்து பெற்று வீடு திரும்பிய நோயாளி மறுமாதமே மீண்டும் வந்து படுப்பானேன்? விடுதியில் உணவும் உடையும் கிடைத்தும் ஒரு சிறுவன் ஓடிப்போவானேன்? இவற்றுக்கு விடை காண மனித மனத்தையும், குடும்பத்தையும், சட்டத்தையும், வறுமையின் வேரையும் கற்றிருத்தல் வேண்டும். நோய் தீர்க்க மருத்துவம் கற்கிறோம். பாலம் கட்டப் பொறியியல் கற்கிறோம். உடைந்த வாழ்வைக் கட்ட மட்டும் கல்வி வேண்டாவோ?

இவ்வுண்மையை நம் நாட்டில் முதலில் செயலாக்கியது மும்பை நகரமே. சர் தோராப்ஜி டாட்டா அறநிலையத்தின் பொருளுதவியால் 1936-இல் நாக்பாடாவில் பட்டதாரிகளுக்கான சமூகப்பணிப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. முதல் அணியில் பயின்றோர் இருபதே பேர். அமெரிக்கரான கிளிஃபர்டு மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநர். அவருக்குப்பின் 1941-இல் அப்பொறுப்பை ஏற்றுப் பத்தாண்டுகளுக்கு மேல் நடத்தியவர் டாக்டர் ஜே. எம். குமரப்பா. இவர் ஒரு தமிழர். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் தமையனார். இவர் காலத்திலேயே, 1944-இல், அப்பள்ளி டாட்டா சமூக அறிவியல் கழகம் என்னும் பெயர் பெற்றது. பார்சி வள்ளலின் பொருளால் மும்பையில் எழுந்த பள்ளியைத் தமிழர் ஒருவர் வளர்த்தார். சென்னையிலோ அத்தகைய பள்ளியைப் பார்சிப் பெண்மணி ஒருவர் எழுப்பினார். இவ்விரு நகரங்களும் ஒன்றுக்கொன்று பட்ட கடனை இவ்வாறு தீர்த்துக்கொண்டன போலும்!

1952-இல் மேரி அம்மையாரின் பெருமுயற்சியால் சென்னைச் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. தென்னாட்டு இளைஞர் இக்கல்விக்காக வடக்கே செல்ல வேண்டியிருந்த நிலை இதனால் மாறியது. காலமும் கனிந்திருந்தது. 1946-இல் மும்பை ஜே. ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணியாளர் ஒருவர் அமர்த்தப்பெற்றார். 500 தொழிலாளருக்குக் குறையாத ஆலை ஒவ்வொன்றிலும் நலஅலுவலர் இருத்தல் வேண்டும் என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. நல்ல உள்ளம் படைத்தோரை மட்டுமன்றி, முறையாகப் பயின்றோரையும் நாடு தேடத் தொடங்கியிருந்தது.

இப்படிப்பின் இயல்பைச் சற்றே காண்போம். காலம் இரண்டு ஆண்டுகள். தனிமனிதரின் இடரை அறிந்து துணை நிற்றல், குழுக்களோடு பணியாற்றல், ஊர் மக்களை ஒன்று திரட்டல், ஆராய்ச்சி செய்தல் ஆகியன வகுப்பறையில் கற்பிக்கப்படும். ஆனால் இதன் உயிர்நாடி களப்பணியே. மாணவர் மருத்துவமனைக்கும், ஆலைக்கும், குழந்தைகள் இல்லத்துக்கும், சேரிக்கும் செல்வர். கண்டதையும் செய்ததையும் எழுதி ஆசிரியரிடம் காட்டுவர். எங்கே அவசரப்பட்டோம், எங்கே கேட்க வேண்டிய இடத்தில் அறிவுரை சொன்னோம் என்பதை அவ்வேடே காட்டிக்கொடுத்துவிடும். பிறரைத் திருத்தப் புறப்பட்டவர் முதலில் தம்மைத் திருத்திக்கொள்ளும் கல்வி இது. உதவி பெறுவோரின் மானம் குன்றாமல் உதவுவது எவ்வாறு என்பதே இதன் கடைசிப் பாடமும் முதற்பாடமும் ஆகும்.

அம்மையார் இத்தகைய பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர். தாம் பட்டறிவால் அரிதிற் கற்றதைப் பின்வருவோர் முறையாகக் கற்க வழிசெய்த பெருமை அவருடையது. தமக்குப் பட்டம் இல்லையே என்று அவர் தயங்கியிருந்தால் அப்பள்ளி எழுந்திராது. தமக்கே எல்லாம் தெரியும் என்று எண்ணியிருந்தாலும் எழுந்திராது.

பின்னாளில் அம்மையார் மேஜர் சந்திரகாந்த் ஜாதவ் என்னும் படை அலுவலரை மறுமணம் செய்துகொண்டார். சேவா சமாஜம் இல்லங்களும், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பால விகாரும் அவருடைய உழைப்பின் பயன்களே. 1956-இல் சென்னை நகர ஷெரீப் பதவி அவரை அடைந்தது. 1955-இல் பத்மஸ்ரீ, 1968-இல் பத்ம பூஷண், 1975-இல் பத்ம விபூஷண் என நாடு அவரைச் சிறப்பித்தது. அவ்வாண்டிலேயே அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் கண்ட பள்ளி இன்று எழும்பூர், காசா மேஜர் சாலையில், சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தன்னாட்சிக் கல்லூரியாக நின்று முதுகலைப் பட்டம் வழங்கி வருகின்றது.

நம் இல்லத்துப் பிள்ளை ஒருவன் சமூகப்பணி கற்க விரும்புகிறேன் என்று சொன்னால், தருமம் செய்யவும் ஒரு படிப்பா என நம்மில் சிலர் நகைப்பதுண்டு. ஊதியம் என்ன வரும் என வினவுவதும் உண்டு. இரண்டாவது வினா நியாயமானதே. இவ்வழி பெருஞ்செல்வம் தரும் வழி அன்று. ஆனால் முதல் வினாவுக்கு அம்மையாரின் வாழ்க்கை விடை தந்துவிட்டது. தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கும் அதுவே விடை. எந்த ஊரின் துயரத்தை நம் துயரமாக ஏற்று, அதைத் தீர்க்கும் வழியை முயன்று கற்கிறோமோ, அந்த ஊர் நம் ஊராகிவிடுகின்றது. சென்னை அவ்வாறுதான் மேரி அம்மையாருக்குச் சொந்த ஊர் ஆயிற்று. மும்பையும் நமக்கு அவ்வாறே ஆகுக!