மாலிக் அம்பர்

அபிசீனிய நாட்டில் 1548-ஆம் ஆண்டளவில் பிறந்த சாபு என்னும் சிறுவன், இளமையிலேயே அடிமையாக விற்கப்பட்டான். வாங்கியோர் அவனுக்கு அம்பர் எனப் பெயரிட்டனர். பின்னர்த் தக்காணத்து அகமதுநகர் அமைச்சர் செங்கிஸ்கான் அவனை விலைக்குக் கொண்டார். அவ்வமைச்சரும் முன்னாள் அடிமையே. அவர் மறைந்தபின், அவர்தம் மனைவியார் அம்பரை விடுவித்தார்.

விடுதலை பெற்ற அம்பர், தம்மைப்போற் கடல்கடந்து வந்த ஆப்பிரிக்கரையும், அந்நாட்டு மராட்டியரையும் சேர்த்துப் படை திரட்டினார். 1600-இல் முகலாயர் அகமதுநகர்க் கோட்டையைக் கைப்பற்றினர். அம்பரோ அவ்வரசமரபை அழியவிடாது தாங்கினார். மலைகளில் மறைந்து தாக்கும் போர்முறையால் பேரரசின் படைகளைக் கால் நூற்றாண்டு தடுத்து நின்றார். பின்னாளில் ஔரங்காபாத் எனப்பட்ட நகரை 1610-இல் நிறுவி, நிலத்தடிக் கால்வாய்களால் நீர் வழங்கினார். 1626-இல் மறைந்தார்.

சந்தையில் விலைபேசப்பட்டவரே ஒரு நாட்டின் காவலரானார். மனிதனுக்கு விலை குறித்தோர் அவனது மதிப்பை அறிந்தாரல்லர்.