பெயிலான ராமானுஜனும் சர்டிபிகேட் தேடும் நாமும்



இறுதியாண்டு வந்துவிட்டால் நம்ம விடுதி வராந்தாவில் ஒரே பேச்சுதான். டிப்ளமோ மட்டும் போதாது, கணினிப் பாதுகாப்பில் ஏதாவது ஒரு சர்டிபிகேட் கையில் வேணும். எதை எழுதுறது? செக்யூரிட்டி பிளஸ்ஸா, சி.இ.எச்.சா, ஓ.எஸ்.சி.பி.யா என்று ராத்திரி பதினோரு மணி வரை பட்டிமன்றம் நடக்கும். பரீட்சைக் கட்டணமோ, கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசில் மாதக்கணக்கில் வேலை பார்த்துச் சேர்க்க வேண்டிய தொகை. தப்பாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் மறுபடி வீட்டில் கேட்க வாய் வராது.

அந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் கணிதமேதை சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன். நாம் மாலை போட்டு வணங்கும் அந்த மனிதர் பரீட்சையில் தோற்றவர். பிறகு பட்டம் வாங்கியவரும் அவரேதான். இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தது நமக்கு ரொம்பத் தேவையான பாடம்.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி நாட்களில் கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5000 சூத்திரங்கள். விளக்கம் மிகக் கொஞ்சம். ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். அந்தப் பழக்கத்தில் புதுச் சூத்திரங்களும் பிறக்க ஆரம்பித்தன.

1904-ல் பள்ளியில் கணிதப் பரிசு வாங்கினார். உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் சறுக்கல். கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகை போயிற்று. அடுத்து சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ. பரீட்சையை 1906-ல் எழுதினார், பெயில். 1907-ல் மறுபடி எழுதினார், மறுபடியும் பெயில். அந்தப் பரீட்சை எல்லாப் பாடத்தையும் சேர்த்து அளக்கிற படி. அவரிடம் இருந்ததோ ஒரே ஒரு தானியம்!

இங்கே நாம் பரீட்சையைத் திட்டிவிட்டுப் போய்விடுவோம். ராமானுஜன் அப்படி உட்கார்ந்துவிடவில்லை. 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது, வேலை வேண்டும். கையில் இருந்தது நோட்டுப் புத்தகம் மட்டும். அதைத் தூக்கிக்கொண்டு 1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசுவாமி ஐயரைப் பார்க்கப் போனார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டியவருக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது. அவர் வழியாகவும் பிறர் வழியாகவும் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வரை அறிமுகம் கிடைத்தது. 1911-ல் சங்கத்தின் இதழில் முதல் கட்டுரை வந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. பட்டம் இல்லாத குறையை நோட்டும், மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் சிபாரிசுக் கடிதமும் ஈடுகட்டின.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் இருந்த தேற்றங்களைக் கண்டு ஹார்டி அசந்துபோனார். ஆனால் நண்பர்களே, பகா எண்களைப் பற்றி ராமானுஜன் அதில் எழுதியிருந்த சில முடிவுகள் தவறானவை! தனியாகப் படிக்கிறவனுக்கு இருக்கிற ஆபத்து இதுதான். எங்கே தப்பு என்று சொல்ல ஆள் கிடையாது. 1914-ல் கப்பலேறிப் போன பிறகுதான் நிரூபணம் என்பதன் கண்டிப்பை ஹார்டியிடம் அவர் கற்றார். 1917-ல் இருவரும் சேர்ந்து, ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்று ஆராய்ந்து எழுதினார்கள். பின்னாளில், 1977-ல் உருவான ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறை, பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதையே நம்பி நிற்கிறது. நாம் படிக்கிற பாதுகாப்புப் பாடத்துக்கும் அவர் நேசித்த பகா எண்களுக்கும் இப்படி ஒரு உறவு!

எஃப்.ஏ. தேறாத அதே ராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் 1916 மார்ச்சில் பி.ஏ. பட்டம் தந்தது. எதை வைத்து? ஆராய்ச்சிக் கட்டுரையை வைத்து. ஆள் மாறவில்லை, அளக்கிற படிதான் மாறியது. 1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். 1919-ல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல், 32 வயதிலேயே மறைந்தார்.

இனி நம் கதைக்கு வருவோம். செக்யூரிட்டி பிளஸ் அடிப்படையை அளக்கிறது. 90 நிமிஷம், அதிகபட்சம் 90 கேள்விகள். சி.இ.எச். நான்கு மணி நேரத்தில் 125 கேள்விகளுக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஓ.எஸ்.சி.பி. ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க நிஜமாகவே கணினிகளுக்குள் நுழைந்து காட்டச் சொல்கிறது. பிறகு அறிக்கையும் எழுதணும். சி.ஐ.எஸ்.எஸ்.பி.க்கோ பொதுவாக ஐந்து வருஷ வேலை அனுபவம் வேணும். படித்து முடித்தவுடன் நமக்கு அது ஆகாது. ஆக, எது பெரிசு என்று கேட்பதை விட, எது எதை அளக்கிறது, என்னிடம் இருப்பது எது என்று கேட்பதே சரி.

நான் முடிவு செய்துவிட்டேன். முதலில் அடிப்படைப் பரீட்சை. பிடிக்காத பாடத்தையும் ஒதுக்காமல் படிக்கப் போகிறேன், எஃப்.ஏ. கற்றுத் தந்த பாடம் அது. கூடவே ஒரு நோட்டு. லேபில் செய்த ஒவ்வொரு சோதனையும், தோற்றதும் சேர்த்து, அதில் ஏறும். வாரம் ஒருமுறை தெரிந்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்தம் வாங்குவேன். செய்முறைப் பரீட்சைக்கு அந்த நோட்டு நிறைந்த பிறகுதான் பணம் கட்டுவேன்.

நம்ம கரிசல் காட்டில் மானாவாரி விவசாயி பருத்தியோ, கம்போ, உளுந்தோ, மல்லியோ எதுவானாலும் மண்ணையும் மழையையும் பார்த்துத்தான் விதைப்பார். பக்கத்துப் புஞ்சைக்காரர் போட்டார் என்பதற்காக விதைத்தால் வருஷமே வீணாகிவிடும். நண்பர்களே, நாமும் நம்ம மண்ணைப் பார்த்து விதைப்போம். வெள்ளாமை வீடு வந்து சேரட்டும்!

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு