மரத்தை அட்டவணையில் அடக்கியவர்

ஒரு பெரிய கம்பெனி. அதில் பல இலாகாக்கள். இலாகாவுக்குள் ஊழியர்கள். ஊழியர்களுக்குப் பிள்ளைகள். இந்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் எப்படிச் சேர்த்து வைப்பது?

கிளைக்குள் கிளையாக, மரம் போல வைப்பதே அந்த நாள் வழக்கம். வெறும் அட்டவணைகளே போதும் என்று எடுத்துக் காட்டினார் ஒருவர். அவர்தான் எட்கர் பிராங்க் காட்.

விமானி

இங்கிலாந்தின் போர்ட்லாந்துத் தீவில் 1923-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி காட் பிறந்தார். ஏழு குழந்தைகளில் கடைசிப் பிள்ளை. ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மாணவர் என்று சொல்லி விலகி இருந்திருக்கலாம். ஆனால் 1942-ல் தாமாகவே விமானப் படையில் சேர்ந்து, கடலோரப் பிரிவில் விமானம் ஓட்டினார்.

யுத்தம் முடிந்தது. கணிதப் பட்டம் பெற்று, 1948-ல் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு ஐ.பி.எம். கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்போது அங்கே செனட்டர் மெக்கார்த்தி நடத்திய வேட்டையைக் கண்டு மனம் வெறுத்து, 1953-ல் கனடாவுக்குப் போய்விட்டார். 1957-ல்தான் திரும்பினார். 1965-ல் மிச்சிகன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார்.

மரத்தின் தொல்லை

1968-ல் கலிபோர்னியாவிலுள்ள ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். அதே சமயம் அந்தக் கம்பெனி ஐ.எம்.எஸ். என்ற ஏற்பாட்டை வெளிக்கொண்டு வந்தது. சந்திரனுக்கு மனிதனை அனுப்பும் அப்பல்லோ திட்டத்தின் பாகங்களைக் கணக்கில் வைக்கப் பிறந்தது அது. முழு யந்திரம், அதன் அடியில் பாகம், அதற்கும் அடியில் சிறு பாகம் என்று எல்லாம் மர வடிவம்.

மேலிருந்து இறங்கிக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும். இந்தத் திருகாணி எந்தெந்த யந்திரத்தில் இருக்கிறது என்று குறுக்கே கேட்டாலோ, திண்டாட்டம்தான்!

1970 ஜூன் மாதம் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாகங்களையும் திட்டங்களையும் பற்றிய ஒரே விவரத்தை ஐந்து விதமாக அடுக்கலாம். எந்த அடுக்கு என்று அறியாமல் புரோகிராம் எழுதினால் அது எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்று காட்டினார்.

பரிகாரமும் சொன்னார். ஊழியர், அவர் வகித்த வேலைகள், வாங்கிய சம்பளங்கள், குழந்தைகள் என்று கிளைத்த மரத்தை நான்கு அட்டவணைகளாகப் பிரித்தார். ஊழியர் எண் நான்கிலும் இருக்கும். அதைப் பிடித்து அட்டவணைகளை இணைக்கலாம். போகும் வழியைச் சொல்ல வேண்டாம். வேண்டியதைச் சொன்னால் போதும்.

வீட்டுக்குள் எதிர்ப்பு

ஐ.எம்.எஸ். பணம் தரும் சரக்கு. அதற்கே போட்டியாக வரும் யோசனையைக் கம்பெனி தயக்கத்தோடுதான் பார்த்தது. காட் விடவில்லை. விவரங்களை வலை போலப் பின்னும் முறையைக் கண்ட பாக்மனுடன் 1974-ல் பகிரங்கமாக வாதாடினார்.

பிறகு அவருடைய கூடத்திலேயே சோதனை நடந்தது. எஸ்.க்யூ.எல். என்னும் கேள்வி மொழி பிறந்தது. ஆனால், பின்னாளில் ஆரக்கிள் என்று பெயர் பெற்ற சின்னக் கம்பெனி 1979-லேயே சரக்கை விற்கத் தொடங்கிவிட்டது. ஐ.பி.எம். 1981-ல்தான் கடை விரித்தது! அதே ஆண்டு காட்டுக்கு டூரிங் பரிசு கிடைத்தது.

அவிழ்ந்த முடிச்சு

ஒரு குறை மிச்சம் இருந்தது. ஒவ்வோர் ஊழியரின் வரியிலும் அவருடைய மேலதிகாரியின் எண்ணை எழுதிவிட்டால், கம்பெனி முழுவதும் ஒரே அட்டவணையில் அடங்கிவிடும். ஆனால் ஒரு மானேஜரின் கீழ், அவருக்கும் கீழ் என்று எத்தனை படி என்றே தெரியாமல் இறங்குவது எப்படி? காட் வகுத்த கணிதத்தால் மட்டும் அது முடியாது என்று ஆகோ, உல்மன் என்ற இரு அறிஞர்கள் 1979-ல் நிரூபித்தார்கள்.

வந்த விடையையே திரும்பவும் கேள்வியில் நுழைத்து, புதிதாக எதுவும் வராத வரையில் தொடரும் முறை 1999-ல் எஸ்.க்யூ.எல். விதிகளில் ஏறியது. காட் உயிரோடு இருக்கும்போதே முடிச்சு அவிழ்ந்தது.

1984-ல் ஐ.பி.எம்.மை விட்டு விலகினார். பெயருக்கு மட்டும் தம்முடைய முறை என்று சொல்லிப் பலர் சரக்கு விற்பதைக் கண்டு, 1985-ல் அதற்கு விதிகள் வகுத்தார். 2003-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, 79-வது வயதில் புளோரிடாவில் காலமானார்.

மரம் அழிந்துவிடவில்லை. ஐ.எம்.எஸ். இன்றும் சில பெரிய பாங்கிகளில் ஓடுகிறது. ஆனால் உலகத்துக் கணக்குகளில் பெரும்பகுதி காட்டின் அட்டவணைகளுக்குள் வந்துவிட்டது.