வெடித்த பலகைக்கும் மதிப்பு தந்த தச்சர்: யார் இந்த ஜார்ஜ் நாகஷிமா?

சொகுசு வீடுகளின் படங்களில் அந்த மேஜையைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. ஓரத்தை நேராக அறுக்காமல், மரம் வளர்ந்த வளைவை அப்படியே விட்டிருப்பார்கள். பெயின்ட் இருக்காது, மர ரேகைதான் அழகு. 'லைவ் எட்ஜ்' என்று சொல்லி லட்சங்களில் விற்கிறார்கள். இந்த பாணியை உலகறியச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் நாகஷிமா. அவர் கதையில் நம்ம புதுச்சேரியும் வருது, ஒரு முள்வேலி முகாமும் வருது.

புதுச்சேரியில் என்ன செய்தார்?

1905-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர் நாகஷிமா. வனவியலில் தொடங்கி, கட்டிடக்கலைக்கு மாறி, எம்.ஐ.டி.யில் முதுகலை முடித்தார். பிறகு டோக்கியோவில் ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார்.

அரவிந்தர் ஆசிரமத்துக்காக 'கோல்கொண்டே' என்ற விடுதியைக் கட்டும் வேலை ரேமண்டுக்குக் கிடைத்தது. அதற்காக 1937-ல் புதுச்சேரி வந்தார் நாகஷிமா. நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்ற கட்டிடம் அது. கண்ணாடி ஜன்னல் கிடையாது. காற்று வர வேண்டுமானால் திறக்கலாம், மழை வந்தால் மூடலாம் என்பதுபோல வரிசையாகப் பட்டைகள். உள்ளே தேக்குக் கதவுகள், எளிமையான அறைகள். வேலைக்கு வந்தவர் ஆசிரமவாசியாகவே மாறி, சம்பளத்தையும் வேண்டாம் என்றார். அரவிந்தர் அவருக்கு வைத்த பெயர் சுந்தரானந்தா.

முள்வேலிக்குள் தச்சுப் பாடம்

பிறகு ஜப்பான் வழியாக அமெரிக்கா திரும்பினார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் அமெரிக்காவைத் தாக்க, 1942-ல் சுமார் 1.2 லட்சம் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள். நாகஷிமாவும் மனைவியும் கைக்குழந்தை மீராவோடு ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போனார்கள்.

அங்கேதான் கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரைச் சந்தித்தார். கட்டுமானத்தில் மிஞ்சிய பலகைகளையும் பாலைவனப் புதர்க்கட்டைகளையும் வைத்து, ஜப்பானியத் தச்சு வேலையின் நுணுக்கங்களை அவரிடம் கற்றுக்கொண்டார்.

விரிசலை மறைக்காத மேஜை

1943-ல் ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்தார். பென்சில்வேனியாவின் நியூ ஹோப் பகுதியில் இருந்த அவரது பண்ணையில் கோழிகளைப் பார்த்துக்கொண்டே, மரவேலையையும் ஆரம்பித்தார் நாகஷிமா.

கையில் காசு இல்லை. மற்றவர்கள் ஒதுக்கிய வெடிப்பும் முடிச்சும் உள்ள மரங்களைத்தான் வாங்க முடிந்தது. அதுவே அவருடைய அடையாளமாச்சு. விரிசலைப் பூசி மறைக்காமல், குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைப் பதித்தார். பார்க்க அலங்காரம், உண்மையில், விரிசல் மேலும் ஓடாமல் பிடித்து நிறுத்தும் பூட்டு.

1970-களில் அமெரிக்க அரசியல்வாதி நெல்சன் ராக்பெல்லரின் வீட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட மரச்சாமான்கள் செய்து கொடுத்தார். முகாமில் மிச்சப் பலகையோடு மல்லுக்கட்டிய அதே கைகள்!

கடைசி ஆசை

முதுமையில் பிரம்மாண்டமான வால்நட் மரம் ஒன்று கிடைத்தது. அதில் அவர் செய்தது விற்பனைக்கான மேஜை இல்லை. உலக அமைதிக்கான பீடம். ஒவ்வொரு கண்டத்திலும் ஒன்று வைக்க வேண்டும் என்பது ஆசை. முதலாவது 1986-ல் நியூயார்க் தேவாலயம் ஒன்றில் வைக்கப்பட்டது. 1990-ல் நாகஷிமா மறைந்தார். பின்னர் ஒரு பீடம் ஆரோவில்லுக்கும் வந்து சேர்ந்தது, அவர் சுந்தரானந்தாவாக வாழ்ந்த ஊருக்குப் பக்கத்திலேயே.