திக்நாகரும் உன்னிச்சைக் குளத்துப் பனியும்

தை மாத விடியலில் உன்னிச்சைக் குளத்தின்மீது படரும் பனியைத் தொலைவில் நின்று காண்போர் புகையென்றே எண்ணுவர். அப்பனியே எனக்குத் திக்நாகரை அணுக்கமாக்கியது என்றால் அன்பர்கள் வியப்படையக்கூடும்.

கணினிக்குத் தருக்கம் உணர்த்தும் புரோலாக் என்னும் மொழி 1972இல் பிரான்சில் தோன்றியது. உண்மைகளையும் விதிகளையும் பொருள்தோறும் வகுத்து வைக்கும் லாக்டாக், அதன் வழியில் 1998இல் வந்தது. இவற்றை மாணவர் சிலருக்குக் கற்பித்து வருகிறேன். புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு என்பதைப் பொதுவிதியாக்கி, அடுக்களையையும் குளத்தையும் அவ்விதியின்கீழ் இரு பொருள்களாக அமைக்கப் பணித்தேன். மாணவன் ஒருவன் விடியலில் தான் கண்டதை நம்பிக் குளத்துக்குப் புகையைச் சேர்த்துவிட்டான். குளத்தில் நெருப்புண்டெனக் கணினி தயங்காது விடையிறுத்தது. எல்லோரும் நகைத்தனர்; அவன் முகம் வாடியது. பிழையை விளக்க வேண்டிய நானோ விதியையே திரும்பத் திரும்ப ஓதினேன்.

அன்றிரவு மணிமேகலையின் 29ஆம் காதையைப் புரட்டினேன். காஞ்சியில் அறவண அடிகள் உரைக்கும் தருக்கத்தில் அதே அடுக்களை நல்ல உதாரணமாகவும், பனியோ புகையோ என்று தெளியாமலே நெருப்பைத் துணிவது ஏதுப் பிழையாகவும் நின்றன. அம்மரபின் முதல்வர் திக்நாகர்.

கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த அப்பெரியார் காஞ்சியை அடுத்த சிம்மவக்திரத்தில் அந்தணர் குலத்திற் பிறந்தவர் என்பது திபெத்திய வரலாற்றாசிரியர் கூற்று. துறவு பூண்டு முதலில் அவர் அடைந்த ஆசிரியர், சொல்லொணாத ஓர் ஆள் உடலுள் உண்டெனப் போதித்தார். திக்நாகரோ சாளரங்களைத் திறந்து, விளக்கேற்றி, ஆடை களைந்து, தம் உடலெங்கும் அவ்வாளைத் தேடினாராம். காணாமையால் அவ்விடம் நீங்கி வசுபந்துவின் மாணாக்கரானார் என்பர்.

ஏதுவுக்கு அவர் மூன்று இலக்கணம் வகுத்தார். அது ஆராயும் பொருளில் உறுதியாக இருத்தல் வேண்டும். ஒத்த உதாரணத்தில் காணப்படல் வேண்டும். ஒவ்வாத உதாரணத்தில் இல்லாதிருத்தல் வேண்டும். இவ்வழி 9 வகை ஏதுக்களை ஒரு சக்கரமாக அடுக்கி, அவற்றுள் 2 மட்டுமே செல்லுமெனக் காட்டினார்.

கலிங்கத்து மலைக்குகையில் பிரமாணசமுச்சயத்தை அவர் தொடங்கியபோது, எழுதிய முதற்செய்யுளை மாற்றார் ஒருவர் இருமுறை அழித்தாராம். வாதத்திற் தோற்ற அவர் சினந்து திக்நாகரின் உடைமைகளை எரித்தார். இவர் ஒருவரையே திருத்த இயலாத நான் உலகை எங்ஙனம் திருத்துவேன் என மனமுடைந்து, நூலையே கைவிட எண்ணினார் திக்நாகர். மஞ்சுசிறீ தோன்றித் தேற்றினார் என்பது ஐதிகம். நூல் முற்றுப்பெற்றது. அதன் வடமொழி மூலம் தனிநூலாகக் கிட்டாதொழியினும், திபெத்திய மொழிபெயர்ப்பில் நிலைத்தது.

மறுநாள் மாணவர்களைக் குளக்கரைக்கு அழைத்துச் சென்றேன். வெயில் ஏற ஏறப் பனி கலைந்தது. தருக்க நூலார் நெருப்பில்லா இடத்துக்கு உதாரணமாகக் காட்டும் நீர்நிலை எங்கள் கண்முன் கிடந்தது. விதி பிழையன்று, கணினியும் பிழையன்று. முதல் இலக்கணமே தவறியது என்று அம்மாணவனே கண்டுரைத்தான். தான் எழுதிய வரியை அவனே அழித்தான். மனமுடைந்த ஆசிரியர் ஒருவர் எழுதுகோலை மீண்டும் எடுத்திராவிடில், அன்று எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திராது.